சரிபார்த்தவர்: மாரீஸ்வரி

நவம்பர் 4, சனி

ஷூவைக் கழற்றிய பிறகு அவள் சாக்ஸையும் கழற்றி, மடித்து ஷூவுக்குள் வைத்தாள். அதைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளங்கால் படுகிற பக்கம்கூட வெள்ளையாக இருந்தது. கூட வந்த இரண்டு பேரும் ஷூவோடு உள்ளே வந்துவிட்டார்கள். காலையில்தான் தரையைத் துடைத்திருந்தேன்.

மூன்று பேரும் பைபாஸ் ரோட்டுப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கடைசி வருடத்தில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் நாற்பது மணி நேரம் வேலை செய்ய வேண்டுமாம். ஆளுக்கொரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார்கள். வந்த நேரம், போன நேரம் எழுதி, இந்த மையத்தை நடத்துகிற எட்வின் சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சாருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. மூவரில் ஒரு பையன், "சார், மொத்தமா நாப்பது மணி நேரத்துக்கும் இப்பவே போட்ருங்களேன்" என்றான். "எனக்குக் கண்ணுதான் தெரியாது தம்பி. கணக்கு நல்லாத் தெரியும்" என்றார் சார்.

பிறகு அறையைச் சுற்றிக் காட்டினார். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற இடம் இது. கீழே ஜெராக்ஸ் கடை. மேலே நாங்கள். பதிவு அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தை. ஃபேன் போட்டால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்பதால், வாசிக்கிறவர்கள் வேர்வையோடுதான் வெளியே வருவார்கள்.

டீ கொடுத்தேன். சாக்ஸ்காரியின் பெயர் மெய்யம்மை. "மெய்யுன்னு கூப்பிடுங்க" என்றாள். டீ குடித்த தம்ளரை அவளே கழுவி வைத்தாள். "நீங்களும் ப்ளஸ் டூவா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். வாயால் ஆமாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 11, சனி

தவமணி அக்கா வருகிற நாள். பஸ் ஸ்டாப்பில் போய்க் கூட்டி வந்தேன். என் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொள்வாள். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, படி வந்தால் என் கை ஏறுவதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு உசிலம்பட்டிப் பக்கம். ஆறு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. இங்கே விடுதியில் தங்கி அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். வரலாறு எடுத்து பி.ஏ. படித்து டீச்சராக வேண்டும். அதற்கு நல்ல மார்க் வேண்டும். எங்கள் பதிவுகளைப் போனில் போட்டுக் கேட்டுத்தான் படிக்கிறாள், வேறு வழி கிடையாது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் எழுதித் தருகிற நோட்ஸை மட்டும் சனிக்கிழமை நான் வாசித்துக் காட்டுவேன். மற்றவர் முன்னால் எனக்கு வாசிப்பு வராது. அவள் முன்னால் வரும். அவள் என்னைப் பார்ப்பதில்லை என்பதால் இருக்கலாம் என்று ஒருநாள் நானே அவளிடம் சொன்னேன். "நல்லவேளை, ஒனக்காகவாவது என் கண்ணு போச்சே" என்று சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இன்று நோட்ஸை விரித்தபோது பதிவு அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மெய்யம்மை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"யாருடீ அது?"

"புதுசா வந்திருக்காங்க."

"ரேடியோல பேசுற மாதிரில்ல இருக்கு."

நான் நோட்ஸை வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் வாசித்த பிறகு, "இப்ப என்ன சொன்ன? கவனிக்கல" என்றாள்.

நவம்பர் 18, சனி

என் முக்கிய வேலையைப் பற்றி இதில் இதுவரை எழுதவில்லை. டீயும் துடைப்பமும் மட்டும் இல்லை.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனபோது, அவள் கூட்டித் துடைக்கிற இடங்களுக்கு நான் போக வேண்டியிருந்தது. இந்த மையமும் அதில் ஒன்று. ஒருநாள் பதிவு ஒன்று ஸ்பீக்கரில் ஓடியது. துடைத்துக்கொண்டே, மேஜைமேல் விரித்திருந்த புத்தகத்தைப் பார்த்து, "சார், அது 'வரவு' இல்ல, 'வரைவு'" என்றேன். எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. சார் என்னை உட்காரவைத்து இன்னும் பத்துப் பக்கம் கேட்கச் சொன்னார். நான்கு பிழை சொன்னேன். "ஏத்தா, நீ இத்தன நாளா எங்கருந்த?" என்றார். அன்றிலிருந்து சரிபார்ப்பது நான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, புத்தகத்தில் விரல் வைத்து வரிவரியாகக் கேட்க வேண்டும். பிழை இருந்தால் பக்கம், வரி, என்ன பிழை என்று தாளில் எழுத வேண்டும். வாசித்தவர் வந்து அந்த இடத்தை மட்டும் திருப்பிப் பதிவு செய்வார். தாளின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று அச்சிட்டிருக்கும். அதற்கு நேரே நான் பெயரை முழுசாக எழுதுவேன். கல்லூரி லெக்சரர் ஒருவர் வாசித்ததில்கூட நான் பிழை எடுத்திருக்கிறேன்.

இன்று மெய்யம்மையின் முதல் பாடம். பதினோரு பிழை. சந்தோஷமாக இருந்தது. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். "இவ்ளோ கரெக்ட்டா எனக்கு யாருமே திருத்தினதில்ல. தேங்க்ஸ் மாரி" என்றாள். முகம் கொஞ்சமும் வாடவில்லை. பதினோரு இடத்தையும் அன்றே சரிசெய்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 25, சனி

மற்ற இரண்டு பேரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவள் வந்தாள்.

டிசம்பர் 9, சனி

இன்று வழக்கம் ஒன்று மாறியது. எழுதி வைக்கிறேன்.

இதுவரை எங்கள் பதிவுகளில் ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் வாசிக்கிறவர் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். பக்கம் நாற்பது, பக்கம் நாற்பத்தொன்று என்று. சார் மையம் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். மெய்யம்மை இன்று, வாக்கியத்துக்கு நடுவில் எண் வந்தால் கேட்கிறவர்களுக்குப் பொருள் அறுந்துபோகும், எண் சொல்லாமல் வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒரு பாடத்தை அப்படியே வாசித்தும் காட்டினாள். தவமணி அக்கா, "ஆமா சார், கத கேக்குற மாதிரி இருக்கு, மனசுல தானா நிக்குது" என்றாள். சார் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பக்க எண் எதற்கு என்று எனக்குத் தெரியும். கண் தெரிந்தவர்கள் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்வார்கள். கேட்கிறவர்களுக்கு அந்த எண் ஒன்றுதான் ஆதாரம். ஒரு பக்கம் விட்டுப்போனால் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இதைச் சொல்ல வேண்டும் என்று டீத் தட்டோடு நின்றேன். மூன்று பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கருவாட்டுக்குழம்பு வைத்தேன். உப்பு அதிகம் என்று தம்பி தட்டைத் தள்ளிவிட்டான். அடித்துவிட்டேன்.

டிசம்பர் 23, சனி

சார் கேக் வாங்கி வந்திருந்தார். மெய்யம்மை அக்காவுக்கு ஒரு ஹெட்போன் கொடுத்தாள். காதை முழுசாக மூடுகிறது. விடுதியில் எத்தனை சத்தம் இருந்தாலும் பாடம் மட்டும் கேட்குமாம். எனக்கும் ஒரு டப்பா கொடுத்தாள். அதில் நெயில் பாலிஷ். பாத்திரம் தேய்க்கிற கைக்கு இரண்டு நாள்கூட நிற்காது.

நோட்ஸ் வாசிக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "வேணாண்டீ. ஃபோட்டோ எடுத்து மெய்யுவுக்கு அனுப்பிட்டேன். அவ வாசிச்சு அனுப்பிட்டா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

போகும்போது மெய்யம்மைதான் அவளைப் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அக்கா அவள் முழங்கையைப் பிடிக்கவில்லை. தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். என் தோளில் ஒருநாளும் போட்டதில்லை. நான் குட்டை என்பதால் இருக்கலாம்.

ஜனவரி 6, சனி

மெய்யம்மையின் நாற்பது மணி நேரம் இன்றோடு முடிந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். சாரின் விரலைக் கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "சார், தவமணியோட எக்ஸாம் முடியிற வரைக்கும் நான் வரேன்" என்றாள்.

ஜனவரி 13, சனி

நாளை போகி. பழைய பாய் இரண்டை எடுத்து வெளியே போட்டேன். இன்று மையத்துக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

ஜனவரி 20, சனி

வரலாறு ஆறாம் பாடம் சரிபார்த்தேன். தாது வருடப் பஞ்சம் பற்றியது. முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே விழுந்து செத்திருக்கிறார்கள். எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்த தானியத்தை எடுத்துத் தின்றார்களாம். அதைப் படித்ததும் மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாதியில் கொஞ்சம் கண் அசந்தது என்று நினைக்கிறேன். ஃபேன் ஓடாத அறை.

ஜனவரி 21, ஞாயிறு

போர்வை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் துவைத்தேன். அம்மா, "இன்னிக்கு என்னடீ விசேஷம்?" என்றாள். தரையும் துடைத்தேன். நகத்தின் ஓரம் கிழிந்திருக்கிறது, சோப்புத் தண்ணீர் பட்டு எரிகிறது.

ஜனவரி 27, சனி

ஆறாம் பாடத்தை மெமரி கார்டில் ஏற்றி அக்காவிடம் கொடுத்தேன். மெய்யம்மைக்கு அவள் பள்ளியில் ஏதோ விழா, வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நானே அக்காவைப் பஸ் ஏற்றப் போனேன்.

"என்னடீ, கையெல்லாம் வேர்த்திருக்கு?"

"வெயிலு."

"தை மாசத்துலயா?"

பஸ் வந்துவிட்டது. ஏற்றிவிட்டேன். பஸ் நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு விஷயம் இருந்தது.

பிப்ரவரி 3, சனி

அக்கா வரவில்லை. திருப்புதல் தேர்வு.

பிப்ரவரி 10, சனி

அக்கா வரவில்லை. மெய்யம்மை ஒன்பதாம் பாடத்தை முடித்தாள். இரண்டு பிழைதான். எழுதினேன். புத்தகம் முழுவதும் முடிந்துவிட்டது என்று சார் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 17, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பத்து மணிக்கே தனியாக வந்துவிட்டாள். குச்சியைத் தட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டு ஓடினேன். கையைத் தட்டிவிட்டாள். என்னை என்று இல்லை, யாராக இருந்தாலும் தட்டிவிட்டிருப்பாள். உட்கார்ந்ததும் சொன்னாள். திருப்புதல் தேர்வில் பஞ்ச நிவாரண முகாம்கள் பற்றிப் பத்து மார்க் கேள்வி. அவளுக்காகத் தேர்வு எழுதுகிறவரிடம், இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். விடைத்தாள் கொடுக்கும்போது டீச்சர் வகுப்பில் எல்லார் முன்னாலும், படிக்காததைப் பாடத்திலேயே இல்லை என்று சொல்லக் கூடாது, பார்வை இல்லை என்பதற்காகப் பொய்யை ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லியிருக்கிறார். அன்று விடுதிக்குப் போய் ஆறாம் பாடத்தை மூன்று தடவை கேட்டிருக்கிறாள். முகாம் என்ற சொல்லே இல்லை.

"நான் பொய் சொல்லல சார். அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

மெய்யம்மை புத்தகத்தை எடுத்தாள். சார் பதிவைப் போட்டார். 'மூன்றாவது ஆண்டும் மழை பொய்த்தது' என்று நூற்றுப் பதினொன்றாம் பக்கம் முடிந்தது. அடுத்து, 'மழை வந்த பிறகும் ஊர் திரும்பியவர்கள் குறைவு' என்று வந்தது. கேட்கும்போது எந்தத் தட்டலும் இல்லை. ஆனால் அது நூற்றுப் பதினான்காம் பக்கம். நடுவில் நூற்றுப் பன்னிரண்டும் பதிமூன்றும் இல்லவே இல்லை. பஞ்சம் முழுவதும் அந்த இரண்டு பக்கத்தில்தான் இருக்கிறது. முகாம், கஞ்சி வரிசை, எறும்புப் புற்று எல்லாம்.

மெய்யம்மைக்கு முகம் வெளுத்துவிட்டது. தாளைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் பசை ஒட்டிய தடம் இருந்தது. "ரெண்டு தாளும் ஒட்டியிருந்திருக்கு, சேத்துப் புரட்டிட்டேன். ஆனா இப்ப பிரிஞ்சுதான் இருக்கு" என்றாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் இல்லாமல்தான் அழுதாள், ஆனால் கையில் கண்ணீர் விழுந்திருக்க வேண்டும், அக்கா கையை இழுத்துக்கொண்டு, பிறகு திரும்பக் கொடுத்தாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "மாரி, ஆறாம் பாடத்தோட தாள எடுத்து வாசி."

வாசித்தேன். "பிழை இல்லை."

"அடியில?"

"சரிபார்த்தவர், மாரீஸ்வரி."

திட்டுவார்கள் என்று நின்றேன். மெய்யம்மைதான் முதலில் பேசினாள். "சார், மாரிய ஒண்ணும் சொல்லாதீங்க. கேக்கும்போது கண்டினியூவாதான் இருக்கு. யாருக்கா இருந்தாலும் தெரியாது." சார், "தப்பு எம்மேலதாம்மா. ஒம்பதாவதோட நின்ன புள்ள. அது தலையில இவ்ளோ பெரிய வேலையக் கட்டிருக்கக் கூடாது" என்றார். மெய்யம்மை என்னைப் பார்த்தாள். நவம்பரில் நான் தலையாட்டியது அவளுக்கு நினைவு வந்திருக்கும். வந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பாவம், அவளுக்கென்ன தெரியும்" என்றாள் தவமணி அக்கா.

இனிமேல் சரிபார்ப்பது மெய்யம்மை. ஹெட்போனைச் சுருட்டி மேஜையில் வைத்தேன். எல்லாருக்கும் டீ போட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பாவம் என்றாள்.

பிப்ரவரி 19, திங்கள்

மையத்தில் கூட்டினேன், துடைத்தேன், குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தேன். சார் என்னிடம் வழக்கத்தைவிட அன்பாகப் பேசுகிறார். தையல் வகுப்பில் சேர்கிறாயா, நான் சொல்லி வைக்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் எடுத்துக் கொடுத்த பிழைகளையெல்லாம் அவர் மறந்துவிட்டார். இரண்டு வருடம். ஒரு பாடத்தால் எல்லாம் போய்விட்டது.

மெய்யம்மை அந்த இரண்டு பக்கத்தையும் சனிக்கிழமையே பதிவு செய்து அனுப்பிவிட்டாள். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

சரியாகவில்லை.

சார் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அக்காவுக்குப் பதிவுகள்மேலேயே நம்பிக்கை போய்விட்டதாம். ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தால் இன்னும் எங்கெல்லாம் விட்டிருக்குமோ என்று பயம். பக்க எண்ணும் இல்லை, அவளாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் மெய்யம்மை தினமும் பள்ளி முடிந்து விடுதிக்குப் போகிறாள். பார்வையாளர் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் பதிவை ஓடவிட்டு, முதல் பாடத்திலிருந்து புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். மூன்று நாளில் ஒரு பாடம்தான் முடிந்திருக்கிறது. தேர்வுக்கு இன்னும் பத்து நாள். அக்கா புதிதாக எதையும் படிக்கவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, படித்ததும் மறக்கிறது என்று வார்டன் சொன்னாராம். "இந்த வருசம் எழுத வேணாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லுது அந்தப் புள்ள" என்றார் சார்.

ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஹெட்போனை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்களோ என்னவோ.

பிப்ரவரி 22, வியாழன்

மற்ற பாடங்களில் எந்தப் பக்கமும் விட்டுப்போகவில்லை. எனக்குத் தெரியும். ஒன்பது பாடத்தையும் வரிவரியாகக் கேட்டவள் நான்.

இதை அக்காவிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால், ஆறாம் பாடத்தில் இரண்டு பக்கம் போனதே தெரியாதவள் மற்றதை எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாள். அவள் கேட்பது நியாயம். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.

சொல்லாவிட்டால் நான் விவரம் தெரியாதவள், பாவம், தையல் வகுப்பில் சேர்கிறவள். யாரும் கோபப்பட மாட்டார்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கே கூட்டித் துடைத்துக்கொண்டு இருக்கலாம்.

அரிசியில் கல் பொறுக்கினேன். இரண்டு முறை.

பிப்ரவரி 23, வெள்ளி

விடுதி கேட் வரைக்கும் போனேன். மெய்யம்மையின் கார் நின்றது. திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

நான்கு மணிக்குப் போனேன். வாட்ச்மேனிடம் பெயர் சொல்லவே இரண்டு முறை ஆனது, முதல் முறை சத்தம் வரவில்லை.

பார்வையாளர் அறையில் நீளமான பெஞ்சு. அக்காவும் மெய்யம்மையும் உட்கார்ந்திருந்தார்கள். போனில் மூன்றாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. மெய்யம்மை புத்தகத்தில் விரல் வைத்திருந்தாள். அக்கா இளைத்திருந்தாள். எண்ணெய் வைக்காத தலை.

"மாரியா?" என்றாள் அக்கா. என் நடை அவளுக்குத் தெரியும்.

"ஆமாக்கா. ஒத்துப் பாக்க வேணாம்க்கா. வேற எங்கயும் விடல."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

சொல்ல நினைத்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. நின்றேன். மெய்யம்மை ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள். அக்காவே கேட்டாள்.

"நாலாம் பாடத்துல மெய்யு எங்க தப்பா வாசிச்சா? சொல்லு பாப்போம்."

"மூணு எடம். எழுவத்திரெண்டாம் பக்கம் கீழருந்து அஞ்சாவது வரி, குத்தகைன்னு இருக்கிறதக் கூலின்னு வாசிச்சாங்க. எழுவத்தியெட்டுல ஒரு வருசத்த மாத்திச் சொன்னாங்க. எம்பத்தொண்ணுல ஒரு வரிய ரெண்டு தடவ வாசிச்சாங்க."

மெய்யம்மை பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "ஆமா. மூணும் நான் திருப்பி ரெக்கார்ட் பண்ணதுதான்" என்றாள் மெதுவாக.

"எட்டாம் பாடம்?"

அதையும் சொன்னேன். ஐந்து இடம். என் குரல் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. அக்கா முகத்தை என் பக்கம் திருப்பியபடியே இருந்தாள். பிறகு, கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்ததைக் கேட்டாள்.

"அப்ப ஆறாம் பாடம்?"

"கேட்டேன்க்கா. நூத்திப் பதினொண்ணு முடிஞ்சதும் எனக்குத் தெரிஞ்சுருச்சு. தாளு ஒட்டியிருந்துச்சு. நகத்தால பிரிச்சு ரெண்டு பக்கத்தையும் படிச்சேன். படிச்சிட்டுப் பிழை இல்லைன்னு எழுதுனேன்."

மெய்யம்மையின் விரல் புத்தகத்தின் ஓரத்திலேயே நின்றது.

"எதுக்குடீ?"

பக்க எண்ணை எடுத்தது தப்பு என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று செய்தேன், அப்படிச் சொல்லலாம். வீட்டிலிருந்து வரும்போது அதைத்தான் சொல்வதாக இருந்தேன். அதுவும் உண்மைதான்.

"நீங்க அவங்க தோள்ல கையப் போட்டுட்டுப் போனீங்க" என்றேன்.

அறைக்கு வெளியே யாரோ குழாயைத் திறந்து வாளி நிறையும்வரை விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மெய்யம்மைக்குத்தான் கண் கலங்கியிருந்தது. அப்போதும் அவள்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"டீச்சர் என்னப் பொய் சொல்றவன்னு சொன்னாங்க. நாப்பது பேரு உக்காந்திருந்தாங்க" என்றாள் அக்கா. "நீ அன்னிக்கு மையத்துல தரையத் தொடச்சிட்டு இருந்திருப்ப."

"ஆமாக்கா."

"மெய்யு, புத்தகத்த மூடு. இனி ஒத்துப் பாக்க வேணாம். ஏழாம் பாடத்தப் போடு, நான் படிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "மாரி, நீ போ. பரீட்ச முடியிற வரைக்கும் என் பக்கம் வராத. முடிஞ்ச பெறகு வரலாமான்னு எனக்கு இப்பத் தெரியல."

வெளியே வந்தேன். பதிவு ஓடத் தொடங்கிய சத்தம் பின்னால் கேட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று எட்வின் சாருக்குப் போன் செய்தேன். அவர் எடுத்ததும், அக்காவிடம் சொன்னதையே, எதையும் விடாமல், அவரிடமும் சொன்னேன்.